அச்சு எண்களைக் கையால் எழுதாதீர்கள், ஃபார்மேட்டரிடம் விடுங்கள்

பைத்தானின் வரைபட நூலகமான மேட்பிளாட்லிப்பில் வரைந்த படத்தில், அச்சின் மூலையில் ‘1இ6’ (பத்து லட்சத்தால் பெருக்கு என்ற குறி) என்று ஒட்டிக்கொண்டு நின்றால், செட்_டிக்லேபிள்ஸ் கொண்டு எண்களை ஒவ்வொன்றாக எழுத வேண்டாம். ஃபார்மேட்டர் என்பது அச்சு எண்களை எழுதித் தரும் கருவி; அச்சின் செட்_மேஜர்_ஃபார்மேட்டருக்கு ஒரு வடிவச் சரத்தைக் கொடுத்தால் போதும்: நெளிவு அடைப்புக்குள் எக்ஸ், முக்காற்புள்ளி, காற்புள்ளி, புள்ளி, சுழியம், எஃப். 2500000 என்பது 2,500,000 ஆகிவிடும். 3.3 பதிப்பிலிருந்து சரத்தையோ செயற்கூறையோ நேரடியாகவே கொடுக்கலாம். சரத்துக்குள் மாறியின் பெயர் எக்ஸ் என்றே இருக்க வேண்டும், ஒய் அச்சானாலும் சரி. இதில்தான் பலர் சறுக்குகிறார்கள்.

கையால் எழுதியவை இடத்தோடு மட்டும் கட்டப்பட்ட வெறும் எழுத்துகள். தரவு மாறினாலோ பெரிதாக்கிப் பார்த்தாலோ அச்சின் அளவுக்கோடுகள் நகரும், பழைய எண்கள் அப்படியே நிற்கும். படம் பிழைச்செய்தி இல்லாமலே பொய் சொல்லும். ஃபார்மேட்டரோ ஒவ்வொரு முறை வரையும்போதும் அந்தக் கோட்டின் உண்மை மதிப்பை வாங்கி எழுதுகிறது. ‘2.5 மில்லியன்’ போல வேண்டுமானால் மதிப்பு, இடவரிசை என இரண்டு உள்ளீடு வாங்கும் செயற்கூறு எழுதி, மதிப்பைப் பத்து லட்சத்தால் வகுத்து, ‘மில்லியன்’ என்ற சொல்லையும் சேர்த்துச் சரமாகத் திருப்பி அனுப்புங்கள்.

0 முதல் 1 வரையான அச்சில் மேற்கண்ட சரம் ஆகாது: தசமம் உதிர்ந்து 0, 0, 0, 1, 1, 1 என்று வரும். அங்கே புள்ளிக்குப் பின் 1 அல்லது 2 போடுங்கள். பெயர்களைத் தாங்கும் வகை அச்சிலும் இது வேண்டாம். பெயர்கள் போய் 0, 1, 2 என்ற இடவரிசைதான் மிஞ்சும்.