மலைக்கு வந்திருக்கும் புது நர்ஸ்களே, பயத்தை மறைக்காதீர்கள்

கோர்ஸை முடித்த கையோடு மதுரையிலிருந்தோ தர்மபுரியிலிருந்தோ முதல் வேலைக்கு நீலகிரி வரும் பிள்ளைகள் எல்லோரும் சீக்கிரமே ஒரே கேள்விக்கு வந்து நிற்கிறார்கள்: "அக்கா, நான் இந்த வேலைக்கு லாயக்குதானா?" டியூட்டிக்குக் கிளம்பும்போது வயிற்றைக் கலக்கும். ரூமுக்கு வந்து படுத்த பிறகும் அந்த டிரிப்பை மூடினோமா, இல்லையா என்று மனசு அடித்துக்கொள்ளும். பொறுப்பு புரிந்தவர்களுக்கு இது வரத்தான் செய்யும். பயப்படுவதில் தவறில்லை. அதை யாருக்கும் தெரியாமல் மறைக்கப் போய்ச் செய்கிற காரியங்களில்தான் தவறு இருக்கிறது.

அதில் பெரியது, தெரியாததைக் கேட்காமல் விடுவது. "இதுகூடத் தெரியாதா" என்று சீனியர் சொல்லிவிடுவாரோ என்று வாயை மூடிக்கொள்கிறோம். இன்சுலினையே எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு மில்லிக்கு 40 யூனிட் உள்ள மருந்தும் உண்டு, 100 யூனிட் உள்ளதும் உண்டு. 40-க்கான சிரிஞ்சுக்குச் சிவப்பு மூடி, 100-க்கானதுக்கு ஆரஞ்சு மூடி. நடுராத்திரியில், தூக்கக் கண்ணோடு, மில்லிக்கு 100 யூனிட் உள்ள மருந்தைச் சிவப்பு மூடி சிரிஞ்சில் அதன் கோட்டைப் பார்த்து ஏற்றினால் இரண்டரை மடங்கு டோஸ் போய்விடும். "அக்கா, இதை ஒரு தடவை பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்க அரை நிமிடம் ஆகாது. இன்சுலின், பொட்டாசியம் குளோரைடு போன்ற மருந்துகளை எத்தனை வருஷ சர்வீஸ் ஆனவர்களும் இன்னொருவரிடம் காட்டிவிட்டுத்தான் போட வேண்டும். அதனால் நீங்கள் கேட்பதை யாராவது அறியாமை என்று சொன்னால் காதில் வாங்காதீர்கள்.

அடுத்த தவறு, ஊர் புதிது என்பதால் வரும் சிரமத்தை எல்லாம் தன் குறை என்று எடுத்துக்கொள்வது. இதை நான் அடிக்கடி பார்க்கிறேன். டிசம்பர் காலையில், கொழுந்து பறிக்கிற ஒரு அம்மாவை அட்மிட் செய்கிறீர்கள். கை ஐஸ் மாதிரி இருக்கிறது. நரம்பு கண்ணுக்கே தெரியவில்லை. ஊரில் பயிற்சியின்போது ஒரே குத்தில் லைன் போட்டவர் இங்கே தடுமாறுவார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்கிவிடுகிறது, அவ்வளவுதான். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த துணியை, உங்கள் மணிக்கட்டில் வைத்துச் சூடு பார்த்துவிட்டு, அவர் கையில் சில நிமிடம் சுற்றி வையுங்கள். கையைக் கட்டிலுக்குக் கீழே தொங்கவிடச் சொல்லுங்கள். இரண்டு முறைக்கு மேல் குத்தாமல் வேறு ஒருவரைக் கூப்பிடுங்கள். விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் அளவு பார்க்கும் ஆக்சிமீட்டரும் இப்படித்தான். அந்த அம்மா தெளிவாகப் பேசிக்கொண்டிருப்பார், மெஷின் 84 சதவீதம் என்று குறைவாகக் காட்டும். பதறவும் வேண்டாம், குளிர்தான் என்று தள்ளவும் வேண்டாம். உதட்டு நிறத்தைப் பாருங்கள், மூச்சை ஒரு நிமிடம் முழுசாக எண்ணுங்கள், விரலைச் சூடாக்கி வேறு விரலில் மாட்டிப் பாருங்கள். அப்புறமும் ஏறவில்லை என்றால், அல்லது ஆள் திணறினால், உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

கூடலூர், பந்தலூர் பக்கம் வேலை கிடைத்தால் சிக்கிள் செல் நோயாளிகளைப் பார்ப்பீர்கள்; ரத்தச் சிவப்பணு அரிவாள் மாதிரி வளைந்துபோகும் பரம்பரை நோய் இது. பணியர், இருளர், குறும்பர் பழங்குடி மக்களிடம் இது இருக்கிறது. இந்தியாவில் இது முதலில் கண்டறியப்பட்ட இடங்களில் நீலகிரியும் ஒன்று, 1952-இல். உங்கள் பாடப் புத்தகத்தில் சில பத்திகளோடு முடிந்திருக்கும். இந்த நோயில் கடும் வலி வந்து போகும். வலி உச்சத்தில் இருக்கும்போதும் அப்படி வந்த ஒரு பையன் சுவரைப் பார்த்துச் சும்மா படுத்திருக்கலாம். சத்தம் போடவில்லை, வலி கம்மி என்று முடிவு கட்டாதீர்கள். வலி மருந்து நேரத்துக்குப் போக வேண்டும், உடம்பு கதகதப்பாக இருக்க வேண்டும், நீர்ச்சத்து குறையக் கூடாது. இதெல்லாம் இங்கே வந்து கற்றுக்கொள்ள வேண்டியவை. முதல் வாரமே தெரியவில்லையே என்று அழ வேண்டியதில்லை.

ராத்திரி டாக்டரை எழுப்பத் தயங்குவதும் அதே பயத்தின் பிள்ளைதான். மலையில் இந்தத் தயக்கம் ஆபத்து. நோயாளியைக் கோவைக்கு அனுப்ப வேண்டி வந்தால், பனிமூட்டத்தில் கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டித்தான் மேட்டுப்பாளையமே வரும். நீங்கள் தயங்கும் அரை மணி நேரத்தை அந்த ரோட்டில் யாராலும் திருப்பிப் பிடிக்க முடியாது. போனை எடுக்கும் முன் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொள்ளுங்கள், குரல் நடுங்கினாலும் விஷயம் நடுங்காது: "சார், 5-ஆம் பெட், 60 வயசு. பத்து மணிக்கு பி.பி. 130/80 இருந்தது, இப்போ 90/60. மூச்சு நிமிஷத்துக்கு 28. நீங்க வந்து பார்க்கணும்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடாதீர்கள். அவர் எரிந்து விழுந்தாலும் சரி, கூப்பிட்ட நேரத்தையும் அவர் சொன்னதையும் கேஸ் ஷீட்டில் எழுதிவிடுங்கள்.

மருந்து மாறிப்போனால்? முதலில் நோயாளியைப் பாருங்கள், டாக்டரிடமும் வார்டு இன்சார்ஜிடமும் உடனே சொல்லுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். மறைத்தால் நோயாளிக்குக் கிடைக்க வேண்டிய மாற்று சிகிச்சையும் தள்ளிப்போகும்.

ஆஃப்களைச் சேர்த்துவைத்து, ராத்திரி பஸ்ஸில் ஊருக்குப் போய், ராத்திரி பஸ்ஸிலேயே திரும்பி நேராக டியூட்டியில் நிற்பது எல்லோரும் செய்கிற ஒன்று. அம்மாவைப் பார்க்கும் ஆசை புரிகிறது. ஆனால் வந்து இறங்கிய பிறகு தூங்க ஒரு அரை நாளாவது வைத்துக்கொள்ளுங்கள். தூக்கம் கெட்ட நாளில் தன் மேலேயே வரும் சந்தேகம் இரண்டு மடங்காகத் தெரியும். கூடப் படித்தவளின் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸை அன்றைக்குப் பார்க்காதீர்கள்.

வாரக்கணக்கில் தூக்கம் வரவில்லை, டியூட்டியை நினைத்தாலே அழுகை வருகிறது என்றால் அது வெறும் புதுசு என்கிற பதற்றம் இல்லை. மனநல மருத்துவரைப் பாருங்கள். டெலி மானஸ் என்கிற அரசு மனநல உதவி எண் 14416, இலவசம், எந்த நேரமும் தமிழில் பேசலாம். செத்துவிடலாம் என்ற எண்ணம் எட்டிப் பார்த்தால் காலை வரை காத்திருக்காமல், பக்கத்து ரூம் பெண்ணை எழுப்பி உட்காரவைத்துக்கொண்டே அந்த எண்ணுக்குக் கூப்பிடுங்கள். அப்புறம் இன்சார்ஜிடம் போய், தொடர் நைட் டியூட்டியைக் கொஞ்ச நாளைக்கு மாற்றித் தரச் சொல்லிக் கேளுங்கள். வாய் விட்டுச் சொன்னால்தான் அவருக்கும் தெரியும்.