போர்வைக்குள் பாடிய கேசட்

பரணில் கிடைத்த அப்பாவின் கேசட்டுகளில் 1980களின் இளையராஜா பாட்டுகள். ரெக்கார்டிங் கடையில் பட்டியல் எழுதிக் கொடுத்துப் பதிந்தவை. ஆனால் போட்டால், போர்வைக்குள் இருந்து பாடுவது போல ஒரே மங்கல். நடுநடுவே சத்தம் இறங்கி ஏறியது.

பிளேயரில் டேப்பைப் படிக்கும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன். பெல்ட் மாற்றினேன். ஹெட்டின் சாய்வுத் திருகைத் திருப்பி, நன்றாகப் பாடிக்கொண்டிருந்த வேறொரு கேசட்டையும் மங்கலாக்கியதுதான் மிச்சம். நான்கு நாள் போனது.

அந்த நல்ல கேசட்டையும் அப்பாவுடையதையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோதுதான் பிடிபட்டது. டேப்புக்குப் பின்னால், நடு இடைவெளியில், செம்புநிறத் தகட்டின் மேல் ஒட்டியிருக்கும் குட்டி ஃபெல்ட் துண்டு அப்பாவுடையதில் இல்லை. பசை காய்ந்து உதிர்ந்திருக்கிறது. டேப்பை ஹெட்டோடு அழுத்திப் பிடிப்பதே அதுதான்.

வேண்டாத கேசட் ஒன்றின் ஐந்து திருகுகளைக் கழற்றி, அந்தக் கூட்டுக்குள் அப்பாவின் சுருள்களை மாற்றினேன். டேப் மூலை உருளைகளுக்கு வெளிப்புறமாகச் சுற்றி வர வேண்டும். முதல் தடவை தவறவிட்டு மறுபடி பிரித்தேன். அப்புறம் ‘ச’ ஓசை கூர்மையாகக் கேட்கும் இடத்தில் சாய்வுத் திருகை நிறுத்தினேன். சரியாகிவிட்டது.

பி பக்கத்தின் கடைசிப் பாட்டு மட்டும் பாதியில் நிற்கிறது. அது பழுதில்லை, 60 நிமிடத்துக்குள் அடங்கவில்லை.