தலையாட்டினால் புரிந்துவிட்டது என்று அர்த்தமில்லை

வேலூரில் சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி இருக்கிற மருந்துக்கடை, லாட்ஜ், மெஸ் எல்லாவற்றிலும் வங்காளத்தில் போர்டு இருக்கும். வெளியூர்க்காரர்கள் அதைப் பார்த்து ஆச்சரியப்படுவார்கள், நமக்கு அது பழகிவிட்டது. பழகிவிட்டது என்பதில்தான் சிக்கலே. மொழி தெரியாதவன் நிதானமாக, ஜாடையாவது காட்டிப் பேசுவான். நாலு வார்த்தை தெரிந்தவன்தான் எல்லாம் சொல்லி முடித்துவிட்டதாக நினைத்துக்கொண்டு அடுத்த ஆளைக் கூப்பிடுவான்.

முதலில், வடக்கே இருந்து வந்தவர் என்றாலே இந்தி தெரியும் என்ற நினைப்பு. சிகிச்சைக்கு வருகிறவர்களில் மேற்கு வங்கம், திரிபுரா, பங்களாதேஷ் ஆட்கள் ஏராளம். டிவி பார்த்துக் கொஞ்சம் இந்தி தெரிந்திருக்கலாம், ஆனால் உடம்புக்கு என்ன என்று சொல்ல அது போதாது. அதிலும் பங்களாதேஷ்காரரிடம் இது அவருடைய மொழி என்பதுபோல இந்தியில் பேசுவது கொஞ்சம் அபத்தம். 1952 பிப்ரவரி 21 அன்று டாக்காவில் வங்க மொழிக்காகப் போராடிய மாணவர்கள் போலீஸ் துப்பாக்கிச் சூட்டில் செத்தார்கள், அந்த நாளைத்தான் 1999ல் யுனெஸ்கோ உலகத் தாய்மொழி நாளாக அறிவித்தது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தை மறக்காத நமக்கு இதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை. "எந்த மொழி பேசுவீங்க?" என்று முதலிலேயே கேட்டுவிட்டால் போச்சு.

அடுத்தது தலையாட்டல். புதிய ஊர், கூட்டம், பின்னால் வரிசை, எதிரே இருப்பவர் அவசரத்தில் இருக்கிறார், இந்த நிலைமையில் "புரிஞ்சுதா?" என்று கேட்டால் யார்தான் இல்லை என்பார்கள்? மரியாதைக்காகவாவது தலையை ஆட்டிவிடுவார்கள். அந்தக் கேள்வியையே விட்டுவிடுங்கள். "இந்த மாத்திரையை எப்போ போடுவீங்க, சொல்லுங்க" என்று அவர் வாயால் சொல்ல வையுங்கள். தவறாகச் சொன்னால் குரலை உயர்த்திப் பிரயோஜனமில்லை, அவருக்குக் காது நன்றாகத்தான் கேட்கிறது.

எண்களில் இன்னும் கவனம் தேவை. இங்கிலீஷில் ஃபிஃப்டீன், ஃபிஃப்டி இரண்டும் சத்தமான கவுண்டரில் ஒரே மாதிரிதான் கேட்கும் என்பது பலருக்குத் தெரியும், அதனால் எழுதிக் காட்டச் சொல்வார்கள். சரி, ஆனால் அவர் வங்காள எண்ணில் எழுதிவிட்டால்? அதில் நான்கு என்பது பார்க்க நம் 8 மாதிரியே இருக்கும், ஏழு என்பது 9 மாதிரி. போன் நம்பர், அறை வாடகை, மருந்தின் அளவு எதுவானாலும் போனில் தட்டிக் காட்டச் சொல்வதுதான் பத்திரம்.

இதையெல்லாம்விட நான் பயப்படுவது நடுவில் நிற்கிற ஆளைப் பற்றித்தான். ராணிப்பேட்டை சிப்காட் பக்கம் பீகார், ஒடிசா ஆட்கள் வேலை செய்கிற இடங்களில், கொஞ்சம் தமிழ் தெரிந்த ஒருவரைப் பிடித்து எல்லாவற்றையும் அவர் வழியாகவே சொல்லிவிடுவார்கள், அது சூப்பர்வைசருக்கும் வசதி. ஆனால் அந்த ஆள்தான் பெரும்பாலும் அவர்களை ஊரிலிருந்து கூட்டிவந்தவர், கூலியிலும் அவருக்குப் பங்கு இருக்கலாம், அப்புறம் அவர்மேலேயே ஒரு புகார் என்றால் அதை யார் மொழிபெயர்ப்பது? கெமிக்கல் டிரம்மைக் கையுறை இல்லாமல் தொடாதே என்று நாம் மூன்று நிமிஷம் சொன்னதை அவர் மூன்றே வார்த்தையில் முடித்தால், மீதி எங்கே போனது என்று அங்கேயே கேட்க வேண்டும். ஒருவரை மட்டும் நம்பாமல் இரண்டு பேரை வையுங்கள், சம்பளம், விபத்து விஷயங்களுக்குக் கட்டாயம் வேறு ஆள். ஆஸ்பத்திரிப் பக்கம் மொழி தெரிந்த புரோக்கருக்கும் இதே கணக்குதான், அவர் சொல்கிற லாட்ஜில் அவருக்குக் கமிஷன் இருக்கும். கூட வந்த பிள்ளைக்கு இங்கிலீஷ் தெரிகிறதே என்று அம்மாவின் நோயை அந்தப் பிள்ளை வாயால் சொல்ல வைப்பதும் வேண்டாம், அது கொடுமை.

போன் மொழிபெயர்ப்பு உதவும், ஆனால் அதனிடம் "வரச்சொல்லோ சீட்ட எடுத்துனு வாங்க" என்று நம் ஊர்ப் பேச்சில் சொன்னால் அது தடுமாறும். சின்னச் சின்ன வாக்கியமாக, எழுதுகிற தமிழில் சொல்லுங்கள். வந்த வங்காளத்தை அப்படியே தமிழுக்குத் திருப்பிப் பார்த்தால், எங்கே கோளாறு என்று தெரிந்துவிடும்.

இன்னொன்று, எதிரே இருப்பவருக்குத் தமிழ் புரியாது என்று நினைத்து அவரைப் பற்றியே கமென்ட் அடிப்பது. வேறு ஊரில் எப்படியோ, இங்கே ஆபத்து. சித்தூர் 1911 வரை வேலூரோடு சேர்ந்து வட ஆற்காடு மாவட்டத்தில்தான் இருந்தது, இன்றைக்கும் அங்கிருந்து காட்பாடிக்கு வருகிற தெலுங்குக்காரர்களில் நிறையப் பேருக்கு நம் தமிழ் நன்றாகவே புரியும், வீட்டில் உருது பேசுகிற ஆம்பூர், வாணியம்பாடிக்காரர்கள் தமிழில் நம்மைவிட வேகமாகப் பேரம் பேசுவார்கள். பல மாதம் சிகிச்சையில் இருக்கிற வங்காளிக்கும் மளிகைக்கடைத் தமிழ் வந்துவிடும், திட்டு வார்த்தைகள் அதற்கும் முன்னாலேயே வந்துவிடும்.