ராத்திரியில் அடிக்கடி எழும் ஆண்களுக்கு

ஐம்பதைத் தாண்டிய ஆண்கள் பலர், இரவில் இரண்டு மூன்று முறை சிறுநீர் கழிக்க எழுவதை "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறார்கள். விடாதீர்கள். சிறுநீர்ப்பைக்குக் கீழே ஆண்களுக்கு இருக்கும் புராஸ்டேட் சுரப்பி வீங்கியிருக்கலாம், சர்க்கரை ஏறியிருக்கலாம். டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

படுப்பதற்கு இரண்டு மணி நேரம் முன்பே தண்ணீர், பால், டீ எல்லாவற்றையும் நிறுத்திவிடுங்கள். பகலில் குறைக்க வேண்டாம். கால் வீங்குகிறவர்கள் சாயங்காலம் கொஞ்ச நேரம் காலைத் தலையணை மேல் உயர்த்தி வைத்தால், தேங்கிய நீர் தூங்கும் முன்பே ஓரளவு வெளியேறும். அந்த வீக்கத்தையும் டாக்டரிடம் சொல்லுங்கள்.

சளிக்கு மருந்துக்கடையில் கேட்டு வாங்கும் சில மாத்திரைகள், புராஸ்டேட் வீக்கம் உள்ளவர்களுக்குச் சிறுநீரையே அடைத்துவிடலாம். வாங்கும்போதே கடைக்காரரிடம் சொல்லிவிடுங்கள்.

அப்புறம், எனக்கு ரொம்ப முக்கியமாகப் படுவது இதுதான்: எழுந்தவுடன் நடக்காதீர்கள். பிரஷருக்கும் புராஸ்டேட்டுக்கும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் சட்டென்று எழுந்தால் ரத்த அழுத்தம் இறங்கித் தலை சுற்றலாம். கட்டில் விளிம்பில் ஒரு நிமிடம் உட்கார்ந்து, பாதங்களை மேலும் கீழும் அசைத்துவிட்டு எழுங்கள். பாத்ரூம் போகும் வழியில் ஒரு ஜீரோ வாட்ஸ் பல்பு எரியட்டும்.

சிறுநீரில் ரத்தம் தெரிந்தாலோ, முட்டிக்கொண்டு வந்தும் போக முடியாமல் நின்றுவிட்டாலோ, விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்.