புக்கிட்டிங்கி போகிறவர்களுக்கு ஒரு குறிப்பு

இந்தோனேசியாவின் மேற்குச் சுமத்ரா போனால் தலைநகர் படாங்கோடு திரும்பிவிடாதீர்கள், அங்கிருந்து சுமார் 90 கி.மீ. தூரத்தில், கடல்மட்டத்துக்கு 900 மீட்டருக்கும் மேலே இருக்கிற புக்கிட்டிங்கியில் ஓர் இரவாவது தங்குங்கள். பாதி நாளில் பார்த்துமுடிக்கிற ஊர் இல்லை.

முதலில் 1926-இல் கட்டிய ஜாம் கடாங் மணிக்கூண்டு. கடிகாரத்தில் ரோமன் நான்கை IV என்றில்லாமல் நாலு கோடாகவே (IIII) போட்டிருப்பார்கள், கவனியுங்கள். கூரையைப் பாருங்கள்: டச்சுக்காரர் காலத்தில் உச்சியில் சேவல், ஜப்பானியர் வந்ததும் அவர்கள் பாணி, சுதந்திரத்துக்குப் பிறகுதான் இப்போதுள்ள எருமைக்கொம்பு மாதிரியான, இந்த மண்ணின் மினாங்கபாவ் மக்கள் பாணிக் கூரை. ஊரின் மொத்த வரலாறும் அந்தக் கூரையிலேயே இருக்கிறது!

சியானோக் பள்ளத்தாக்கைக் காலையிலேயே பார்த்துவிடுங்கள். பனோரமா பூங்காவிலிருந்தே ஜப்பானியர் தோண்டவைத்த சுரங்கத்துக்கும் இறங்கலாம், நூற்றுக்கும் மேல் படிகள், முழங்கால் வலி உள்ளவர்கள் யோசித்துக்கொள்ளுங்கள். கட்டாய உழைப்பில் உருவான இடம் அது, மெதுவாகப் பாருங்கள்.

அப்புறம் ஹத்தா பிறந்த வீடு, இந்தோனேசியாவின் முதல் துணை அதிபர் அவர், அனுமதி இலவசமோ கட்டணமோ தவறவிடாதீர்கள்.

மதியம் சந்தையில் நாசி கபாவ், அதாவது சோறும் விதவிதமான குழம்புகளும். கடைக்கார அம்மா உயரத்தில் உட்கார்ந்து, நீளக் காம்பு வைத்த கொட்டாங்கச்சி அகப்பையால் எட்டி எட்டிக் குழம்பு எடுத்து ஊற்றுவார். பலாக்காய்க் குழம்பைக் கேட்டு வாங்குங்கள்.