உங்கள் செங்கலை அறுத்தது யார்? புதிய பில்டர்களுக்கு ஒரு செய்முறை

திருவள்ளூர் பக்கம் ஒரு சூளைக்கு நான் முதல் தடவை போனது கல்லின் தரம் பார்க்க. களத்தில் உட்கார்ந்து கல் அறுத்துக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், "எத்தனை வருஷமா இங்க இருக்கீங்க?" என்று கேட்டேன். மேஸ்திரி பதில் சொன்னார். "பேரு என்னம்மா?" என்றேன். அதற்கும் மேஸ்திரியே பதில் சொன்னார். கல்லைத் தட்டிப் பார்த்தேன், நல்ல கணீர் சத்தம். ஆர்டர் கொடுத்துவிட்டு வந்துவிட்டேன். அங்கே நான் கவனித்திருக்க வேண்டியது கல்லை அல்ல, பேச விடப்படாத அந்த அம்மாவைத்தான் என்று புரிய வெகுகாலம் ஆயிற்று. நாம் வாங்கும் பொருளுக்குப் பின்னால் கொத்தடிமை உழைப்பு இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது? அதற்குத்தான் இந்தச் செய்முறை.

முதலில், எதைத் தேடுகிறோம்?

கொத்தடிமை என்றதும் சங்கிலி, பூட்டு, அடியாள் என்று மனசில் படம் ஓடும். சட்டம் அதையெல்லாம் கேட்பதில்லை. கொத்தடிமை முறை ஒழிப்புச் சட்டம், 1976-ன்படி, வாங்கிய முன்பணத்துக்காக ஒருவர் வேறு வேலைக்குப் போக முடியாமல், விரும்பிய இடத்துக்குப் போய்வர முடியாமல், அல்லது குறைந்தபட்சக் கூலிகூட இல்லாமல் உழைத்தால் அது கொத்தடிமைத்தனம். குறைந்தபட்சக் கூலிக்குக் கீழே வேலை வாங்குவதே கட்டாய உழைப்புதான் என்று 1982-ல் ஆசியாட் (டெல்லி ஆசிய விளையாட்டுப் போட்டி) கட்டுமானத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. ஆக, நாம் தேட வேண்டியது பூட்டை அல்ல, கடன் நோட்டை.

படி 1: லாரிக்குப் பின்னால் போங்கள்

செங்கல், எம்-சாண்ட், ஜல்லி, மரம், டைல்ஸ் என்று ஒரு தாளில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அது உண்டான இடத்தின் பெயரை எழுதுங்கள். கடைக்காரர் பெயரோடு நிறுத்திக்கொண்டால் பயனில்லை. ஏஜென்ட் சொல்லத் தயங்கினால் லாரி டிரைவரிடம் கேளுங்கள், ஒரு டீ செலவில் விஷயம் வந்துவிடும்.

"நான் செங்கலே வாங்குவதில்லை, ஏஏசி பிளாக்தான் (எடை குறைந்த கான்கிரீட் கல்)" என்பவர்களும் ஜல்லி வாங்கத்தானே செய்கிறார்கள்? ஜல்லி வருவது கல்குவாரியிலிருந்து. கொத்தடிமை பற்றிய 1983-ம் ஆண்டின் பெரிய தீர்ப்பு ஃபரிதாபாத் கல்குவாரிகளைப் பற்றியது.

படி 2: நேரம் பார்த்துப் போங்கள்

சூளை வேலை மழை விட்டதும் தொடங்கி அடுத்த மழைக்கு முன் முடியும். ஆனால் முன்பணம் அதற்கு வெகு முன்பே கைமாறிவிடும். மேற்கு ஒடிசாவின் பலாங்கீர், நுவாபாடா பக்கம் நுவாகாய் என்னும் அறுவடைப் பண்டிகையை ஒட்டித் தரகர்கள் பணம் கொடுத்து ஆள் பிடிக்கிறார்கள். இங்கே இருளர் குடும்பங்களுக்கு அது கல்யாணச் செலவாகவோ வைத்தியச் செலவாகவோ வந்து சேரும். எனவே சீசன் நடுவில் ஒரு தடவை, கணக்கு முடிக்கும் சமயத்தில் ஒரு தடவை என்று இரண்டு முறையாவது போக வேண்டும்.

படி 3: என்ன கேட்பது?

"நீங்க கொத்தடிமையா?" என்று யாரிடமும் கேட்காதீர்கள். "ஆமாம்" என்று யாரும் சொல்லப்போவதில்லை, அவர்களுக்கு அது ஆபத்தும்கூட. பேச்சுவாக்கில் இப்படிக் கேளுங்கள்:

- ஆயிரம் கல்லுக்கு எவ்வளவு? வாரா வாரம் கையில் என்ன வருது?
- கணக்கு நோட்டு உங்ககிட்ட இருக்கா, அவங்ககிட்டயா?
- போன வருஷத்துப் பாக்கி இன்னும் இருக்கா?
- பொங்கலுக்கு ஊருக்குப் போனீங்களா? குடும்பத்தோடயா?

கடைசிக் கேள்விதான் முக்கியம். குடும்பம் முழுவதையும் ஒன்றாக ஊருக்கு அனுப்பாமல், யாராவது ஒருவரை நிறுத்திவைத்துக்கொள்வது பழைய தந்திரம். நோட்டிலும் ஒரு விஷயம் பாருங்கள். பெரும்பாலும் புருஷன் பேர் மட்டுமே இருக்கும். மண் மிதிக்கும் மனைவிக்கும், காயும் கல்லைத் திருப்பிப் போடும் பிள்ளைக்கும் தனிக் கூலி இருக்காது. ஆயிரம் கல் கணக்கில் எல்லார் உழைப்பும் கரைந்துபோகும்.

இதே கேள்விகளை உங்கள் சைட்டிலும் கேளுங்கள். சென்ட்ரிங், டைல்ஸ் வேலைக்கு வந்த வடமாநிலத் தம்பிகளின் ஆதார் அட்டை யார் பையில் இருக்கிறது? கான்ட்ராக்டர் பையில் என்றால் அன்றே வாங்கிக் கொடுங்கள்.

படி 4: உங்கள் பணத்தைப் பாருங்கள்

இந்தப் படியைப் பலரும் தாண்டிப் போவார்கள். மூன்று மாதக் கடனில் கல் எடுத்து, கல்லுக்கு ஐம்பது பைசா குறைக்கச் சொல்லி அடம்பிடித்தால், அந்த ஐம்பது பைசா சூளைக்காரரின் லாபத்திலிருந்து மட்டும் வராது. கூலியைத்தான் முதலில் பிடிப்பார்கள். லோடு இறங்கிய வாரமே பணம் கொடுக்கப் பழகுங்கள். அதன் பிறகு பர்ச்சேஸ் ஆர்டரில் நிபந்தனை எழுதலாம்: கூலி வாரந்தோறும் தொழிலாளியின் கையிலோ அவர் கணக்கிலோ சேர வேண்டும், முன்பணத்தைக் காரணம் காட்டி யாரையும் தடுக்கக் கூடாது, நோட்டின் நகல் தொழிலாளியிடம் இருக்க வேண்டும். பணத்தை இழுத்தடிப்பவர் நிபந்தனை போட்டால் சூளையில் சிரிப்பார்கள்.

படி 5: கண்டுபிடித்துவிட்டால்

உரிமையாளரிடம் சண்டைக்குப் போகாதீர்கள். "அந்த அட்வான்ஸை நானே கட்டிடறேன், விட்டுடுங்க" என்றும் சொல்லாதீர்கள். சட்டப்படி அந்தக் கடன் ஏற்கெனவே செல்லாது. அது கொத்தடிமைக் கடன் அல்ல என்று நிரூபிக்கும் பொறுப்பும் கொடுத்தவருடையதே.

மாவட்ட ஆட்சியர் அல்லது கோட்டாட்சியர் அலுவலகத்தில் எழுத்து மூலம் தகவல் கொடுங்கள். சூளை இருக்கும் இடம், எத்தனை குடும்பம், என்ன மொழி பேசுகிறார்கள் என்பது போதும். குழந்தைகள் இருந்தால் 1098 என்ற குழந்தைகள் உதவி எண்ணுக்கும் சொல்லுங்கள். ஆய்வுக்குப் பிறகு தொழிலாளியின் கைக்கு விடுதலைச் சான்றிதழ் வர வேண்டும், உடனடி உதவியாக 30,000 ரூபாய் வரை கிடைக்க வழி உண்டு. சான்றிதழ் இல்லாமல் பஸ் ஏற்றி அனுப்பிவிட்டால் அடுத்த பண்டிகைக்கு அதே தரகர் அவர்கள் வாசலில் நிற்பார்.

லோடை மட்டும் அன்றைக்கே நிறுத்திவிடாதீர்கள். ஆர்டர் திடீரென்று நின்றால் சூளைக்காரர் உஷாராகி, ராத்திரியோடு ராத்திரியாக ஆட்களை வேறு சூளைக்கு ஏற்றிவிடுவார். அதிகாரிகள் உள்ளே போய் வரட்டும், பிறகு நிறுத்துங்கள்.