ஆர்டுயினோ சுற்று ரேடியோவில் இரைச்சல் எழுப்புகிறதா? கவசம் அமைக்கும் முறை

வீட்டில் கட்டிய ஆர்டுயினோ (நிரல் எழுதி இயக்கும் சிறு மின்னணு போர்டு) சுற்றுக்கு மின்சாரம் கொடுத்ததுமே மத்திய அலை ரேடியோவில் தொடர்ச்சியான இரைச்சல் எழுவதைப் பலர் கவனித்திருப்பார்கள். உடனே அலுமினியத் தாளை எடுத்துச் சுற்றைப் பொதிந்துவிடுவது பலரின் வழக்கம். பெரும்பாலும் அதனால் பயன் கிடைப்பதில்லை. இரைச்சல் எங்கே பிறக்கிறது, எந்த வயர் வழியாக வெளியேறுகிறது என்பதைக் கண்டறிந்து சரிசெய்த பிறகு, கடைசியாகச் செய்ய வேண்டிய வேலையே உலோகக் கவசம்.

விளக்கத்துக்காக ஓர் எளிய சுற்றை எடுத்துக்கொள்வோம். 12 வோல்ட் அடாப்டர், அதை 5 வோல்ட்டாகக் குறைக்கும் எல்எம்2596 மாட்யூல், ஆர்டுயினோ யூனோ போர்டு, ஒரு மீட்டர் நீள வயரின் நுனியில் எல்எம்35 வெப்பநிலை சென்சார் ஆகியவை அதில் உள்ளன. எல்எம்2596 சிப் நொடிக்கு ஏறத்தாழ 1,50,000 முறை மின்னோட்டத்தை வெட்டி வெட்டி இணைக்கிறது. அந்த வெட்டுகள் மிகக் கூர்மையானவை என்பதால், 150 கிலோஹெர்ட்ஸ் மட்டுமன்றி அதன் மடங்குகளான 300, 450, 600, 750 என வரிசையாகப் பல அதிர்வெண்களிலும் ஆற்றல் சிதறுகிறது. இந்த அதிர்வெண் சிப்புக்குச் சிப் சற்று மாறுபடும். ஒரு சிப் 144 கிலோஹெர்ட்ஸில் இயங்கினால், அதன் ஐந்தாம் மடங்கு சென்னை வானொலியின் 720 கிலோஹெர்ட்ஸ் மீது நேராகப் போய் விழும். ஆர்டுயினோவின் 16 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத் துடிப்பின் ஆறாம் மடங்கோ 96 மெகாஹெர்ட்ஸ், அதாவது பண்பலை வரிசையின் நடுப்பகுதி.

படி 1: ரேடியோவையே சோதனைக் கருவியாக்குதல்

பேட்டரியில் இயங்கும் சாதாரண மத்திய அலை டிரான்சிஸ்டர் ரேடியோ போதும். எந்த நிலையமும் இல்லாத ஓர் இடத்தில் முள்ளை நிறுத்தி, உங்கள் சுற்றை அணைத்து வைத்துக் கேளுங்கள். அப்போதும் இரைச்சல் இருந்தால் வீட்டிலுள்ள எல்இடி விளக்குகள், போன் சார்ஜர்கள் ஆகியவற்றை ஒவ்வொன்றாக அணைத்துப் பாருங்கள். பின்னணி அமைதியான பிறகு சுற்றை இயக்கி, ரேடியோவை முதலில் மாட்யூலின் அருகிலும், பின்னர் வயர்களின் நீளம் முழுவதும் மெல்ல நகர்த்துங்கள். ரேடியோவின் உள்ளே ஆண்டெனாவாக இருக்கும் ஃபெரைட் (இரும்பு ஆக்சைடு கலந்த காந்தப் பீங்கான்) தண்டுக்குத் திசை உணர்வு உண்டு. ஆகவே ஒவ்வோர் இடத்திலும் ரேடியோவைத் திருப்பித் திருப்பிக் கேட்க வேண்டும்.

போர்டிலிருந்து நன்கு தள்ளிய இடத்திலும் வயரை ஒட்டி இரைச்சல் பலமாக இருப்பதைப் பெரும்பாலான சுற்றுகளில் காணலாம். அந்த வயரே ஆண்டெனாவாகச் செயல்படுகிறது என்பது இதன் பொருள். போர்டை எவ்வளவு நல்ல பெட்டிக்குள் வைத்தாலும் அந்த வயர் வெளியேதான் இருக்கும்.

படி 2: பிறப்பிடத்தைப் பிரித்தறிதல்

அடாப்டரைக் கழற்றிவிட்டு 12 வோல்ட் பேட்டரியில் சுற்றை இயக்குங்கள். இரைச்சல் மறைந்துவிட்டால் குற்றவாளி அடாப்டர்தான். தரமான வேறொன்றை வாங்குவதே சரியான தீர்வு. அடாப்டரைத் திறப்பதோ அதன்மேல் உலோகத் தாளைச் சுற்றுவதோ கூடவே கூடாது. உள்ளே 230 வோல்ட் இருக்கிறது. வெப்பம் வெளியேறவும் வழி இருக்காது. பேட்டரியிலும் இரைச்சல் தொடர்ந்தால், மாட்யூலைத் தவிர்த்து, நான்கு ஏஏ ரீசார்ஜ் பேட்டரிகளைக் கொண்டு 5 வோல்ட் முனையில் நேரடியாக மின்சாரம் கொடுத்துப் பாருங்கள். இதில் இரைச்சல் நின்றால் மாட்யூலே காரணம்.

படி 3: வயர்களைச் சீராக்குதல்

செலவே இல்லாத இந்தப் படியில்தான் பெரும்பாலும் பாதிச் சிக்கல் தீர்ந்துவிடுகிறது. மின்னோட்டம் போகும் வயரும் திரும்பும் வயரும் விலகிச் சென்றால், இடைப்பட்ட பரப்பு ஒரு வளைய ஆண்டெனாவாகிறது. பாசிட்டிவ், நெகட்டிவ் வயர்கள் இரண்டையும் தேவையான அளவுக்கு வெட்டிக் குறுக்கி, ஒன்றோடொன்று முறுக்கிவிடுங்கள். பின்னர் மாட்யூலின் உள்ளீட்டு முனைகளுக்கு மிக நெருக்கமாக, கால்கள் குட்டையாக இருக்கும்படி, 104 என்று அச்சிட்ட 0.1 மைக்ரோஃபாரட் செராமிக் கெபாசிட்டர் (மின்தேக்கி) ஒன்றைப் பற்றவையுங்கள். வெளியீட்டு முனைகளிலும் அவ்வாறே ஒன்று வேண்டும். கெபாசிட்டரின் கால் நீண்டால் உயர் அதிர்வெண்ணில் அதன் பயன் வேகமாகக் குறையும்.

படி 4: ஃபெரைட் வளையம்

12 வோல்ட் வயர் இரண்டையும் சேர்த்தே ஒரு ஃபெரைட் வளையத்துக்குள் செலுத்துங்கள். எதிரெதிர்த் திசையில் செல்லும் மின்னோட்டங்களின் காந்தப்புலங்கள் ஒன்றையொன்று அழித்துக்கொள்வதால், சுற்றுக்குத் தேவையான மின்சாரம் தடைபடாது. இரண்டு வயர்களிலும் ஒரே திசையில் ஓடும் இரைச்சல் மட்டும் தடுக்கப்படும். வயரை ஒருமுறை மட்டும் நுழைத்தால் பண்பலையில் ஓரளவு பலன் தெரியலாம், மத்திய அலையிலோ எதுவும் தெரியாது. தடுப்பாற்றல், வளையத்தில் வயரைச் சுற்றும் எண்ணிக்கையின் வர்க்கத்தை ஒட்டி உயர்கிறது. மூன்று சுற்றுக்கு ஏறத்தாழ ஒன்பது மடங்கு. எனவே பெரிய துளையுள்ள வளையத்தை வாங்கி ஐந்தாறு சுற்றுகள் சுற்றுவது நல்லது. கடைகளில் கிடைக்கும் ஃபெரைட் அனைத்தும் ஒரே கலவை அல்ல. மத்திய அலை, சிற்றலைக்கு 31 என்ற கலவையைக் கேட்டு வாங்குங்கள்.

படி 5: பெட்டி

இனிதான் கவசம். மின்கடத்தியால் சூழப்பட்ட அறைக்குள் வெளியிலுள்ள மின்புலம் நுழையாது என்பதை மைக்கேல் ஃபாரடே 1836-இல் உலோகத் தாள் வேய்ந்த ஒரு பெரிய கூண்டுக்குள் தாமே அமர்ந்து காட்டினார். அதே தத்துவம்தான் இங்கும், ஆனால் மாறும் காந்தப்புலத்தைத் தடுக்கத் தடிமன் வேண்டும். 150 கிலோஹெர்ட்ஸில் மின்னோட்டம் தாமிரத்தினுள் ஏறத்தாழ 0.17 மில்லிமீட்டர் ஆழம் வரை பரவுகிறது. சமையலறை அலுமினியத் தாளோ 0.02 மில்லிமீட்டர் கூட இராது. பிஸ்கட் டின் இந்த வேலைக்கு மிகவும் ஏற்றது. அது இரும்பு என்பதால் காந்தப்புலத்தையும் நன்றாகத் தடுக்கும். வெள்ளீயப்பூச்சு இருப்பதால் எளிதாகப் பற்றவைக்கவும் முடியும். அலுமினியத்தில் பற்றவைக்கும் சாதாரண ஈயம் ஒட்டாது.

மூடியும் பெட்டியும் சேரும் விளிம்பில் உள்ள பெயின்ட்டை உப்புத்தாளால் தேய்த்து, உலோகம் உலோகத்தைத் தொடும்படி செய்யுங்கள். இடைவெளியில் முக்கியமானது அகலம் அல்ல, நீளமே. மெல்லிய கோடு போன்ற இடுக்கும் நீளமாக இருந்தால் அலையை வெளியே விடும். இடுக்கின் நீளம் அலைநீளத்தில் இருபதில் ஒரு பங்குக்குள் இருக்க வேண்டும் என்பது நடைமுறை விதி. 100 மெகாஹெர்ட்ஸில் அது 15 சென்டிமீட்டர்; 1,000 மெகாஹெர்ட்ஸில் ஒன்றரை சென்டிமீட்டர். ரேடியோவை மௌனமாக்கும் டின்னுக்குள் வைத்த மொபைல் போன் பல வேளைகளில் மணியடிப்பது இதனால்தான்.

போர்டின் அடிப்பகுதி டின்னைத் தொடாதவாறு பிளாஸ்டிக் தாங்கிகள் வைத்து, உட்புறத்தில் காப்புத் தாள் ஒட்டுங்கள். இல்லாவிட்டால் முதல் அசைவிலேயே குறுக்குச்சுற்று ஏற்படும்.

படி 6: வயர் நுழையும் இடம்

பெட்டியை அப்படியே மிதக்க விடாமல், மின் வயர் நுழையும் துளையின் அருகிலேயே சுற்றின் நெகட்டிவுடன் குட்டையான வயரால் இணைக்க வேண்டும். அதே இடத்தில் 12 வோல்ட் வயருக்கும் பெட்டிச் சுவருக்கும் இடையே இன்னொரு 104 கெபாசிட்டர் போடுங்கள். சென்சாருக்கு வலைக்கவசம் உள்ள வயரைப் பயன்படுத்தி, அந்த வலையைத் துளையின் விளிம்பிலேயே சுவருடன் பற்றவையுங்கள். வலையை நீளமான வால் போல உள்ளே இழுத்துச் சென்று போர்டில் இணைத்தால், இரைச்சலும் அதோடு வெளியே வந்துவிடும்.

சென்சார் வயரிலும் சுவருக்கு ஒரு 104 போடலாம்; ஆனால் எல்எம்35-இன் வெளியீடு கெபாசிட்டர் சுமையைத் தாங்காமல் தடுமாறும். சென்சார் இருக்கும் முனையில் 2 கிலோஓம் ரெசிஸ்டரைத் தொடராக இணைத்துவிட்டால் அந்தத் தொல்லை இல்லை. வெளியிலிருந்து வரும் அலைகளால் வெப்பநிலை அளவு தாவுவதும் இதே ஏற்பாட்டால் அடங்கும்.

மூடியை அழுத்தி மூடி, முதற்படியில் ரேடியோ வைத்த அதே இடங்களில் மீண்டும் கேளுங்கள். ஏதேனும் ஒரு வயரருகே இரைச்சல் மிஞ்சினால், அந்த வயருக்கு மட்டும் நான்காம் படியையும் ஆறாம் படியையும் திரும்பச் செய்யுங்கள். இஎஸ்பி32 போன்ற வைஃபை போர்டுகளை மட்டும் இவ்வாறு முழுவதும் மூடக் கூடாது; அவற்றின் ஆண்டெனா உலோகத்துக்குள் செயலிழந்துவிடும். அவ்வகைச் சுற்றுகளில் மின்சாரம் குறைக்கும் மாட்யூலை மட்டும் தனி டின்னில் அடைத்து, வைஃபை போர்டைப் பிளாஸ்டிக் பெட்டியில் வையுங்கள்.